கிரில் ரெடி... சிலிண்டர் எங்கே வாங்குனீங்க?

மங்கலத்துல ஒரு பட்டறையில போய், ‘அண்ணா, கிரில் வேணும்’னு கேட்டுப் பாருங்க. ‘ஜன்னலுக்கா, கேட்டுக்கா தம்பி?’ என்றுதான் பதில் வரும். ‘கோழி சுடறதுக்குங்ணா’ என்றால், உங்களை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார்கள்!

ஆனால் ஆசை யாரை விட்டது? திருப்பூருக்கும் சோமனூருக்கும் நடுவில், நொய்யல் ஓரமாக, தறிச் சத்தத்திலேயே தூங்கி எழுகிற ஊர் மங்கலம். சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. பகலில் காலேஜ், சாயங்காலம் பனியன் கம்பெனியில் பார்ட் டைம் என்று ஓடுகிற கேங்குக்கு, ஞாயிறு சாயங்காலம்தான் சொர்க்கம். ‘மாப்ள, ஆளுக்கு இவ்வளவு போட்டு ஒரு கேஸ் கிரில் வாங்கிருவோமா? மொட்டை மாடியில நாமளே சுட்டுச் சாப்பிடலாம்’ என்று யாராவது ஆரம்பித்தால், அடுத்த நிமிஷம் எல்லாரும் செல்போனில் கிரில் மாடல் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

எத்தனை பர்னர், என்ன கலர், சக்கரம் இருக்கா என்று எல்லாம் பேசுவோம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கடைசி வரை யாரும் கேட்க மாட்டோம். கேஸ் எங்கிருந்து வரப்போகுது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

முதல்ல கேஸ்... அப்புறம்தான் கிரில்!

வெளியூரிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பசங்களுக்கு இது தெரிந்த சங்கதி. கேஸ் கனெக்‌ஷன் வாங்க அட்ரஸ் புரூஃப் இல்லை. அதனால் தலையிலேயே பர்னர் திருகின குட்டி சிலிண்டர் அடுப்பு ஒன்று வாங்குவோம். தீர்ந்தால் ஏதாவது ஒரு கடையில், வீட்டு சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து நிரப்பித் தருவார்கள். ‘கிரில்லுக்கும் அதையே மாட்டிக்கலாம்டா’ என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அங்கேதான் வினை.

காரணம் சிம்பிள். சிலிண்டருக்குள் கேஸ் இருப்பது திரவமாக. சூடு ஏறினால் திரவம் விரியும். அது விரிய இடம் வேண்டும் என்பதால்தான் முறையான பிளான்ட்டில் சிலிண்டரை ஒருபோதும் முழுக்க நிரப்புவதில்லை. மேலே கொஞ்சம் காலியிடம் விட்டுவிடுவார்கள். கடையில் கண் அளவில் ஊற்றுபவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. இடமில்லாமல் நிரம்பிய சிலிண்டரை கிரில் பக்கத்திலோ, சித்திரை வெயிலிலோ வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். அந்தக் குட்டி சிலிண்டரை யாரும் டெஸ்ட் பண்ணியிருக்கவும் மாட்டார்கள். இப்படி மாற்றி நிரப்புவது சட்டப்படியும் குற்றம்.

நல்ல சேதி என்னவென்றால், இதற்கு நேர்வழியே இருக்கிறது. 5 கிலோ சிலிண்டரை அட்ரஸ் புரூஃப் இல்லாமல் விற்கும் திட்டத்தை எண்ணெய் நிறுவனங்கள் 2013-ல் தொடங்கின. இண்டேன் 2020-ல் தன் 5 கிலோ சிலிண்டருக்கு ‘சோட்டு’ என்று பெயரே வைத்துவிட்டது. போட்டோவோடு ஒரு அடையாள அட்டை போதும். கேஸ் ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். மானியம் கிடையாது, முதல் தடவை சிலிண்டருக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டும். கையைக் கொஞ்சம் கடிக்கும்தான். ஆனால் நான்கு பேர் பங்கு போட்டால் தாங்கும். ஞாயிறு கிரில்லுக்கு மட்டுமில்லை, ரூமில் தினசரி சமையலுக்கும் அந்தக் குட்டி அடுப்புக்கு விடை கொடுத்துவிடலாம்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 12.7 யூனிட் கரன்ட்டுக்குச் சமமான சூடு இருக்கிறது. இரண்டு பர்னரும் சேர்த்து 6 கிலோவாட் உள்ள கிரில்லை முழுத் தீயில் வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு அரைக் கிலோ கேஸ்கூட ஆகாது. ஆக, இரண்டு மணி நேர பார்ட்டிக்கு அதிகபட்சம் ஒரு கிலோ. ஒரு 5 கிலோ சிலிண்டர் ஐந்து ஞாயிற்றுக்கிழமைக்குத் தாராளம்!

சிலிண்டர் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, கைப்பிடிக்குக் கீழே இருக்கும் பட்டையின் உள்பக்கம் A, B, C, D-யில் ஒரு எழுத்தும் வருஷமும் போட்டிருக்கும். அது அடுத்த டெஸ்டுக்கான கெடு. A என்றால் மார்ச் வரை, B ஜூன், C செப்டம்பர், D டிசம்பர். ‘B 29’ என்று இருந்தால் 2029 ஜூன் வரை ஓகே. கெடு தாண்டியிருந்தால் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள். இரண்டாவது, காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். மொத்த எடையில் அதைக் கழித்தால் உள்ளே எவ்வளவு கேஸ் என்று தெரிந்துவிடும்.

‘புரொப்பேன்’ என்றால் பயப்படாதீங்க!

வெளிநாட்டு மாடல் பெட்டியில் ‘புரொப்பேன் கிரில்’ என்று போட்டிருக்கும். நம்ம வீட்டு எல்.பி.ஜி. என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்ததுதான். பியூட்டேன் சுமார் பூஜ்யம் டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். அதனால்தான் பனி கொட்டும் அமெரிக்காவில் தோட்டத்து கிரில்லுக்குத் தனி புரொப்பேன். மங்கலத்தில் பனி கொட்டப்போவதில்லை, கலவையே போதும்.

கவனிக்க வேண்டியது அழுத்தம். நம் வீட்டு ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் கேஸ் தரும். கிரில்லின் லேபிளில் ‘பியூட்டேன்/புரொப்பேன் 30 மில்லிபார்’ என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 37, 50 என்று இருந்தால் அது வேறு நாட்டுக் கணக்கு. பைப்பில் வரும் இயற்கை எரிவாயுவுக்குச் செய்த கிரில் என்றால் வேண்டவே வேண்டாம். அதில் ஜெட் துளை பெரிசு, எல்.பி.ஜி. கொடுத்தால் தீ எகிறும். அமெரிக்க மாடலின் ட்யூப் முனை நம் சிலிண்டரில் மாட்டாது. ‘ஏதாவது அடாப்டர் போட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்ற பேச்சே கூடாது.

கிரில்லில் என்ன பார்ப்பது?

நாலு பேருக்கு இரண்டு பர்னர் போதும். இரண்டு என்பதுதான் முக்கியம். ஒரு பக்கம் முழுத் தீ, இன்னொரு பக்கம் சிறு தீ என்று வைத்தால்தான், வெளியே கருகி உள்ளே வேகாத கோழி வராது. மூடி கட்டாயம் இருக்கட்டும். கம்பி வார்ப்பிரும்பாக இருந்தால் சூடு நிற்கும், ஆனால் எண்ணெய் தடவி வைக்காவிட்டால் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் கழுவுவது சுலபம். அடியில் கொழுப்பு வடியும் தட்டு தனியாகக் கழற்ற வரணும்.

‘நம்ம பட்டறை அண்ணன்கிட்டயே கம்பி அடிச்சுக்கலாமே?’ அடிக்கலாம். ஆனால் ஜன்னலுக்குப் போடும் பெயின்ட் அடித்த கம்பியும், ஜி.ஐ. கம்பியும் கூடாது. ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசியது. நேரடித் தீயில் அந்தப் பூச்சு உணவோடும் புகையோடும் கலக்கும் ஆபத்து உண்டு. பூச்சு இல்லாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி வாங்குங்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: ட்யூப். கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் பச்சை ட்யூப் வேண்டாம். உள்ளே கம்பி வலை வைத்த, ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஆரஞ்சு ‘சுரக்‌ஷா’ ட்யூப் வாங்குங்கள். அதன் ஆயுள் 5 வருஷம். ஒன்றோடு ஒன்றை இணைத்து நீளமாக்காதீர்கள்.

மாடியில எங்கே வைக்கறது?

மங்கலத்தில் பல வீட்டுக்குப் பின்பக்கம் தோட்டம் இல்லை, தறிக்கூடம்தான் இருக்கிறது. எனவே நம்ம ‘பேக்யார்ட்’ மொட்டை மாடிதான். அதிலும் எல்லா மூலையும் சரிப்படாது.

எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் புகை மாதிரி மேலே போகாது; தண்ணீர் மாதிரி தரையோடு ஓடும். மாடிப்படிக் கதவு திறந்திருந்தால் படிப்படியாக இறங்கி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். காற்றில் வெறும் 2 சதவீதம் கேஸ் கலந்தாலே தீப்பிடிக்கும். அதனால் படிக்கட்டுக் கதவை விட்டும், மழைநீர்க் குழாயை விட்டும் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று, நம்ம ஊருக்கே உரியது: பஞ்சு. தறிக்கூடத்தின் ஜன்னலிலும் கூரை ஓரத்திலும் படிந்திருக்கும் பஞ்சுத் தூசு ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும். மாடியில் காயும் துணி, மூட்டை கட்டிப் போட்ட பனியன் வேஸ்ட் இவற்றுக்குப் பக்கத்தில் கிரில் கூடவே கூடாது. கீழே ஒரு குடும்பத்தின் பிழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது பாஸ், நம்ம பார்ட்டியால் அது எரியக் கூடாது. வீட்டு ஓனரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே இருக்கட்டும்; சாய்த்தால் வாயுவுக்குப் பதில் திரவமே வெளியே வரும். கிரில்லுக்கு அடியில் வைக்காமல், ட்யூப் எட்டும் தூரத்துக்குத் தள்ளி, நிழலில் வையுங்கள்.

பற்ற வைக்கும் அந்த ஒரு நிமிஷம்

சோப்புத் தண்ணீரை ரெகுலேட்டரிலும் ட்யூப் முனைகளிலும் தடவுங்கள். நுரை முட்டை விட்டால் கசிவு. தீக்குச்சி வைத்து டெஸ்ட் பண்ணும் வீரம் வேண்டாம்.

மூடியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பற்ற வைக்கணும். மூடி வைத்துத் திருகினால் உள்ளே கேஸ் சேர்ந்து, பொறி பட்டதும் ‘டப்’பென்று முகத்துக்கு வரும். ஐந்து வினாடியில் பற்றவில்லையா? மூடுங்கள். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி. தீ நீலமாக எரிந்தால் சரி. மஞ்சளாக எரிந்தால் பர்னரில் அடைப்பு; சிலந்தி வலைகூடக் காரணமாக இருக்கலாம்.

அப்புறம் மூடி போட்டு 10 முதல் 15 நிமிஷம் சூடாக்குங்கள். தமிழ்நாட்டு பிராய்லர் கோழிக்கே தலைநகர் பல்லடம் பக்கத்திலேயே இருக்கும்போது மெனுவுக்கு என்ன பஞ்சம்? தொடைத் துண்டைக் கீறி, தயிரும் மிளகாயும் தடவி ஃபிரிட்ஜில் ஊற வையுங்கள். முதலில் முழுத் தீயில் இரண்டு பக்கமும் நிறம் ஏறட்டும். பிறகு சிறு தீப் பக்கம் தள்ளி மூடி போடுங்கள். எலும்பு ஓரம் 74 டிகிரி வந்தால் வெந்த கணக்கு. அதைப் பார்க்கக் குத்தி அளக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கறி வைத்த தட்டில் வெந்த கறியை வைக்காதீர்கள். திங்கட்கிழமை வகுப்புக்குப் பதில் ஆஸ்பத்திரிதான். வெஜ் கேங்குக்கு பனீர், குடமிளகாய், மக்காச்சோளம், அன்னாசி.

கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கறியைத் தள்ளிவிட்டு அந்தப் பர்னரை அணையுங்கள். முடிந்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடி, ட்யூபில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து தீர்ந்த பிறகு கிரில்லை மூடுங்கள். கேஸ் வாசம் வந்தால் ஸ்விட்ச் தொடாமல், வால்வை மூடி, தள்ளி நின்று 1906-க்கு போன் போடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

‘கரியில சுட்டாதாண்டா டேஸ்ட்டு!’

இப்படி ஒரு ஆள் எல்லா கேங்கிலும் உண்டு. உண்மையில் அந்த வாசத்தில் பெரும்பங்கு கறியின் கொழுப்பு சூட்டில் சொட்டி வரும் புகைதான். அது கேஸ் கிரில்லிலும் வரும். கரி வேண்டுமென்றால் தாராளமாகச் சுடுங்கள், ஆனால் தணலோடு அடுப்பை ரூமுக்குள் கொண்டுபோகாதீர்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குப் போன நண்பர்கள் குழு ஒன்று, கறி சுட்ட கரி அடுப்பைத் தங்கிய அறைக்குள்ளேயே வைத்துவிட்டுத் தூங்கியது. காலையில் இருவர் எழவே இல்லை. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. எல்.பி.ஜி.யில் கசிவு தெரியட்டும் என்று வாசம் சேர்த்து அனுப்புகிறார்கள். தணலுக்கு அப்படி யாரும் சேர்த்துத் தருவதில்லை. கேஸ் கிரில்லும் மூடிய ரூமுக்குள் கூடாது. திறந்த வெளிக்கென்றே செய்த சாமான் அது.

மழை வந்தால்? பார்ட்டியை அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளலாம். ஊற வைத்த கோழியைக் கீழே அடுப்பில் வறுத்தாலும் ருசிதான்.

ஆக, காசு சேர்க்கும்போது வரிசை இதுதான். முதலில் ஒழுங்கான சிலிண்டர். அடுத்து ரெகுலேட்டர், ட்யூப். மிச்சக் காசில் கிரில். நாலு சக்கரமும் பளபளப்பும் இல்லாத சின்ன கிரில்லாக இருந்தாலும் பரவாயில்லை. ஞாயிறு ராத்திரி மாடி ஏறின கேங், திங்கள் காலை ஒருத்தர் குறையாமல் காலேஜ் பஸ் ஏறணும். அதுதான் சூப்பர் பார்ட்டி!