பேட்டரி கார் சார்ஜர் பக்கத்தில் நின்றால் "கதிர்" அடிக்குமா?

பூங்கா, பீச்சில் சூடான பேச்சு! வேலூரில் 2 உயிர் போனதை மறக்கலாமா?

சென்னை,

மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவுக்கு வாக்கிங் வரும் பெரியவர்கள் மத்தியில் ஒரு கேள்வி அடிபடுகிறது. "கார் சார்ஜர் வைக்கப் போறாங்களாமே, அதுலேர்ந்து கதிர் வருமாமே?" என்பதுதான் அது.

மாநகராட்சி பூங்கா, பீச் பார்க்கிங் இடங்களில் மின்சார வாகன சார்ஜ் நிலையம் அமைக்க 2025-ல் திட்டம் அறிவிக்கப்பட்டது. இந்தப் பூங்காவும் பெசன்ட் நகர் பீச்சும் அந்தப் பட்டியலில் உண்டு.

செல்போன் டவர் பயம்

இது பழைய பயத்தின் தம்பி! செல்போன் டவர் வைத்தபோது தெருவுக்குத் தெரு தகராறு நடந்தது. டவர் அலைக்கு சர்வதேச குழு வைத்த அளவில் 10-ல் ஒரு பங்குதான் இருக்கலாம் என்று 2012 செப்டம்பர் 1 முதல் மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது.

சார்ஜரில் வருவது அந்த அலை அல்ல. கரண்ட் ஓடும் எந்த ஒயரைச் சுற்றியும் காந்தப் புலம் இருக்கும். வீட்டு மிக்சியிலும் தண்ணீர் மோட்டாரிலும் இருப்பது அதுதான். இரண்டடி தள்ளி நின்றாலே மளமளவென்று குறைந்துவிடும்.

அதற்காக ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2002-ல் இந்தக் காந்தப் புலத்தை "சந்தேகப் பட்டியலில்" சேர்த்தது. ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் இந்தப் புலத்திலேயே வளரும் குழந்தைகளைப் பற்றிய சந்தேகம் அது. அரைமணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டுப் போகிறவர் கதை வேறு.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள்?

மயிலாப்பூர் பெரியவர்களுக்கு இதுதான் முக்கியம். இதயத்தில் பேஸ்மேக்கர் போன்ற கருவி வைத்த 130 பேரை ஜெர்மனியில் மியூனிக் நகர டாக்டர்கள் சோதித்தார்கள். அவர்களே 350 கிலோவாட் அதிவேக சார்ஜரில் கார்களுக்கு சார்ஜ் போட்டார்கள். மொத்தம் 561 தடவை! ஒருவருடைய கருவியும் தடுமாறவில்லை. 2023-ல் இந்த முடிவு வெளியானது.

ஆனாலும் டாக்டர்கள் சொன்ன புத்திமதி ஒன்று உண்டு. காந்தப் புலம் அதிகம் இருப்பது கேபிள் ஓரம்தான். ஆகவே சார்ஜ் ஏறும்போது கேபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். மாட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

உயிர் குடிப்பது எது?

2022 மார்ச்சில் வேலூரில் நடந்ததை நம் ஜனங்கள் அதற்குள் மறந்துவிட்டார்கள். இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அங்கே ஆளைக் கொன்றது கதிர் இல்லை. தீயும் புகையும்!

தி.நகர் சந்து ஒன்றில் நிருபர் கண்ட காட்சி: முதல் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்குகிறது. நடுவில் டேப் சுற்றிய ஒட்டு. கீழே மாடிப்படி அடியில் ஸ்கூட்டர். ராத்திரி தீப்பிடித்தால் மாடிக் குடும்பம் இறங்குவதற்கு வேறு வழியே கிடையாது!

பொது சார்ஜ் நிலையத்துக்கு சட்டம் கறார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்ட்டை வெட்டும் கருவி கட்டாயம். எர்த் சரியாக இருக்க வேண்டும். பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

வீட்டில் சார்ஜ் போடுகிறவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கலாம். கசிவு வெட்டும் கருவி ஒன்று மாட்டலாம். வாசல்படியிலும் மாடிப்படி அடியிலும் வண்டியை நிறுத்தி சார்ஜ் போடக்கூடாது. கம்பெனி கொடுத்த சார்ஜரை விட்டு மலிவு சார்ஜர் வாங்குவதும் ஆபத்து.

மழைநாளில் தண்ணீர் தேங்கிய இடத்தில் சார்ஜர் கேபிளைத் தொடாதீர்கள். தெரு மின்பெட்டியிலோ கம்பத்திலோ கசிவு என்று தெரிந்தால் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 எண்ணுக்குப் போன் செய்யலாம். 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.