உங்களுக்குத் தெரியுமா? லைனில் கழற்றும் வளையல், அறையில் சுற்றும் வளையல்

உடையும் சாமான்களைச் சுற்றி வரும் குமிழ் குமிழான பிளாஸ்டிக் தாளைப் பொருள் சுற்றுவதற்காக யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1957-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். இரண்டு பிளாஸ்டிக் திரைகளுக்கு நடுவே காற்றைச் சிறைபிடித்த தாள் அது. சுவருக்கு எடுபடவில்லை. பிறகுதான் கணினிகளை உடையாமல் அனுப்ப உதவும் என்று கண்டுகொண்டார்கள்.

அட்டைப்பெட்டியின் கதையும் இதேதான். நெளிநெளியாக மடித்த காகிதத்துக்கு 1856-ல் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்ற இருவர் காப்புரிமை வாங்கினார்கள். கனவான்கள் அணிந்த உயரமான தொப்பிகளுக்கு உள்பட்டை வைக்கத்தான் அந்தக் காகிதம். சரக்கு கட்ட அது பயன்பட்டது 1871-க்குப் பிறகு.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் இரவு பகலாக லாரிகள் சுமந்து போகும் இந்த இரண்டும், ஒன்று சுவரை அழகாக்கவும் மற்றொன்று தலையில் அணியவும் பிறந்தவை. ஆயுத பூஜைக்கு அட்டையை வெட்டிப் பல்சக்கரமும் தாமரையும் செய்து மெஷினுக்குப் பின்னால் நிறுத்தும் பையன்கள், அதைப் பிறந்த வீட்டுக்கே அழைத்து வருகிறார்கள்.

★

அட்டை வேண்டுமென்றால் மளிகைக் கடையில் கேளுங்கள். கம்பெனிக் கழிவுக்கு ஒப்பந்தக்காரர் இருப்பார், கேட்டில் சோதனை இருக்கும். எண்ணெயோ ரசாயனமோ பட்ட பெட்டி வீட்டுக்கு ஆகவும் ஆகாது. சுங்குவார்சத்திரம் கடைத்தெருவில் பிஸ்கட் பெட்டியும் சோப்புப் பெட்டியும் கேட்டால் கொடுப்பார்கள்.

★

தெர்மாகோலை வெட்டி அலங்காரம் செய்வது இப்போது சட்டப்படி தவறு. 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் அலங்காரத் தெர்மாகோல், பிளாஸ்டிக் கொடி, பலூன் கட்டும் பிளாஸ்டிக் குச்சி மூன்றும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கொடிக்கு 2019 ஜனவரி 1 முதலே தடை. மேடை அலங்காரம் என்றதும் தெர்மாகோல் வாங்கக் கை போகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் வைக்க வேண்டும்.

அதற்கு மாற்று நம்மிடம் எப்போதோ இருந்தது. ஏரி, குளங்களில் வளரும் நெட்டிச் செடியின் தண்டைச் சீவினால் வெள்ளை வெளேரென்று, பஞ்சுபோல் எடையில்லாமல் இருக்கும். பொங்கலுக்கு மாட்டுக்குக் கட்டும் நெட்டி மாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த நெட்டியில் கோயில் கோபுரங்களையே செதுக்கும் தஞ்சாவூர் வேலைப்பாட்டுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெர்மாகோலில் செய்வதையெல்லாம் நெட்டியில் செய்யலாம். மண்ணில் போட்டால் மக்கியும் போகும்.

★

தென்னங்குருத்துத் தோரணத்தில் மடிப்புகளைக் ‘குருவித்தலை’ என்பார்கள். ஈழத்துத் தமிழர் வழக்கில் நல்ல காரியத்துக்கு நான்கு குருவித்தலை, துக்கத்துக்கு மூன்று. யூடியூப் பார்த்து மடிக்கிறவர்கள் எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.

★

ஒட்டும்போது பால்போல் வெள்ளையாக இருக்கும் ஃபெவிகால் காய்ந்ததும் கண்ணாடிபோல் ஆவது ஏன்? அதில் பசைத் துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளை. தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே படலமாகிவிடுகின்றன. வெள்ளை தெரிகிறவரைக்கும் தொடாதீர்கள், இன்னும் காயவில்லை. ஃபெவிகால் சந்தைக்கு வந்தது 1959-ல்.

பசை வாங்கவும் காசு செலவழிக்க வேண்டாம் என்றால் மைதா இருக்கிறது. ஒரு பங்கு மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நாலைந்து பங்கு தண்ணீர் சேர்த்துச் சிறுதீயில் கிண்டினால், வெள்ளை மாறிப் பளபளவென்று வரும். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்களின் பசை இதுதான். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்துப் புத்தகக் கட்டுநர்கள் இதில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். வீட்டில் அன்றன்றைக்குக் கிண்டி அன்றன்றைக்குத் தீர்த்துவிடுங்கள்.

★

காகிதத்துக்கும் மரம்போல நார் ஓட்டம் உண்டு. ஒரு துண்டை லேசாக நனைத்தால் அது சுருளும். சுருளின் குழாய் எந்தப் பக்கம் நீள்கிறதோ அதுதான் நாரின் திசை. அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு கத்திபோல் விழும், குறுக்கே மடித்தால் பிசிறும். கலர் பேப்பர் தோரணம் வெட்டும்போது சிலருக்கு மட்டும் நேராக வருவதற்குக் கைராசி காரணமில்லை.

சுருக்குச் சுருக்கான கிரேப் காகிதத்தின் சாயம் ஈரம் பட்டால் ஓடும். ஆயுத பூஜையில் வாழைக்கன்றும் தண்ணீர் தெளித்த மாவிலையும் பக்கத்திலேயே இருக்கும். அடியில் ஒரு செய்தித்தாள் விரித்துவிடுங்கள், வெள்ளை பெயின்ட் அடித்த மெஷினில் ரோஸ் நிறக் கறை பிடித்தால் லேசில் போகாது.

★

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணம் காஞ்சிபுரம். பட்டு வாங்கப் போகிறவர்கள் பொம்மைக்காரத் தெருவை எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். ஊறவைத்து அரைத்த காகிதக் கூழை அச்சில் அழுத்தி, காயவைத்து, வண்ணம் தீட்டிக் கொலுப் பொம்மை செய்யும் தெரு அது. 2019-ல் அத்தி வரதர் 40 ஆண்டுகளுக்குப் பிறகு எழுந்தருளியபோது அவரும் பொம்மையானார். பழைய செய்தித்தாளும் கொஞ்சம் சுண்ணாம்புப் பொடியும் பசையும் இருந்தால் அதே முறையில் வீட்டிலேயே ஒரு பேனா தாங்கியோ முகமூடியோ செய்யலாம். அவசரப்பட்டு வெயிலில் வைக்காதீர்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் வெடித்துவிடும். நிழலில் இரண்டு மூன்று நாள் காயட்டும்.

★

வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் விடுதி 2024 ஆகஸ்ட் 17-ல் திறக்கப்பட்டது. செலவு ரூ.706.50 கோடி. 13 தொகுதிகள், தொகுதிக்கு 240 அறைகள், அறைக்கு 6 பேர். பெருக்கிப் பாருங்கள், 18,720 பெண்கள். இது இல்லாமல் சுற்றுவட்டாரக் கிராமங்களில் வாடகை அறைகள் எத்தனையோ.

இப்படிப்பட்ட அறையில் ஒருத்திக்கென்று இருப்பது ஒரு கட்டில், ஒரு அலமாரி, கட்டிலை ஒட்டிய சுவர். வாடகை வீட்டில் ஆணி அடிக்கவும் விடமாட்டார்கள். அதனால் அலங்காரம் இங்கே சின்னதாகவும் எடையில்லாமலும் இருந்தாக வேண்டும். உல்லன் நூல் குஞ்சம், கட்டில் கம்பியில் கட்டும் காகித நட்சத்திரம், வயரில் பின்னிய மொபைல் பை. வயர் கூடை முடிச்சுகளின் பெயர்களைக் கேட்டிருக்கிறீர்களா? சிவன் கண், நெல்லிக்காய். யாரோ ஒரு அக்கா தன் தோழிக்குச் சொல்லிக்கொடுக்க வைத்த பெயர்களாகத்தான் இருக்க வேண்டும்.

★

குவில்லிங் ஜிமிக்கி முழுக்கக் காகிதம். நீளக் காகிதப் பட்டையை இறுக்கமாக வட்டமாய்ச் சுருட்டி, நடுவில் பெருவிரலால் மெல்ல அமுக்கினால் குடைபோல் குவியும். குவிந்ததும் உள்பக்கம் பசை தடவிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி தட்டையாகிவிடும். மேலே நிறமில்லா நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. காதில் மாட்டியிருப்பதே தெரியாது. ஐரோப்பியக் கன்னிமாடங்களில் பறவை இறகின் தண்டில் காகிதத்தைச் சுருட்டியதால் வந்த பெயர் குவில்லிங்.

★

எலக்ட்ரானிக்ஸ் லைனில் வளையல், மோதிரம் போட்டு உட்காரக் கூடாது. உலோகம் பட்டால் சர்க்யூட் பலகை பழுதாகும். கார் லைனிலும் கூடாது, பெயின்டில் கீறல் விழும், மெஷினில் மாட்டும். ஷிப்ட் முழுக்க வெறுங்கையாக இருந்த அதே கைகள் அறைக்கு வந்து வளையல் சுற்றுவதுதான் இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. கண்ணுக்குத் தெரியாத திருகாணியைப் பிசகாமல் வைத்துப் பழகிய விரல்கள் நூலை இடைவெளியில்லாமல் சுற்றுவதைப் பார்க்க வேண்டும்.

பட்டு நூல் வளையல் என்று பெயர்தான். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ரேயான், அதாவது மரக்கூழிலிருந்து எடுத்த செயற்கைப் பட்டு. ஈரமானால் அதன் பலம் பாதியளவுக்குக் குறைந்துவிடும். கை கழுவும்போது கழற்றிவிடுங்கள்.

செய்முறை இதுதான். பழைய மெல்லிய வளையல்கள் மூன்றையோ நான்கையோ சேர்த்து ஒட்டி, மேலே பேப்பர் டேப் சுற்றுங்கள். இருபது இழை நூலைச் சேர்த்து, நுனியை வளையலின் உள்பக்கம் ஒட்டித் தொடங்குங்கள். இழைகள் முறுக்கிக்கொள்ளாமல் பட்டையாகப் படிய வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். முடிவும் உள்பக்கமே. கல் செயினை நடுவில் ஒட்டி ஒரு ராத்திரி காயவிடுங்கள்.

வளையல் கடையில் ‘ரெண்டு நாலு’, ‘ரெண்டு ஆறு’ என்கிறார்களே, அது தசமம் இல்லை. இரண்டு அங்குலமும், பதினாறில் நாலு பங்கும் என்று பொருள். 2-4 என்றால் விட்டம் இரண்டே கால் அங்குலம், 2-8 என்றால் இரண்டரை அங்குலம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தங்கைக்கு ஒரு செட் சுற்றிக்கொண்டு போக ஆசையா? அவளிடம் அளவு கேட்டால் தெரியாது என்பாள். போனில் இப்படிச் சொல்லுங்கள்: விரல்களைக் குவித்து, பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, முட்டிகளைச் சுற்றி ஒரு நூல் பிடித்து ஸ்கேலில் வைக்கட்டும். 18 சென்டிமீட்டர் என்றால் ரெண்டு நாலு, 19 என்றால் ரெண்டு ஆறு, 20 என்றால் ரெண்டு எட்டு.