படையில் சேராத ஷையான்

மணிக்கு ஏறத்தாழ 390 கிலோமீட்டர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தாக்குதல் ஹெலிகாப்டர் எட்டிய வேகம் இது. இன்று பல நாட்டுப் படைகள் நம்பியிருக்கும் அப்பாச்சியின் உச்ச வேகமே 300 கிலோமீட்டரை ஒட்டித்தான். அவ்வளவு வேகமாகப் பறந்த ஏ.எச்.-56 ஷையான், பத்து மாதிரிகளோடு நின்றுபோனது. ஒன்றுகூடப் படையில் சேரவில்லை.

வியட்நாம் போரில் வீரர்களை ஏற்றிச் சென்ற ஹெலிகாப்டர்களுக்குத் துணையாகப் பறக்க, அவற்றைவிட வேகமான ஒன்று அமெரிக்கத் தரைப்படைக்குத் தேவைப்பட்டது. 1965-இல் அந்தப் பொறுப்பு லாக்ஹீட் நிறுவனத்திடம் வந்தது. போர் விமானங்களில் பேர் பெற்ற அந்த நிறுவனத்துக்கு, ஹெலிகாப்டரைப் பெருமளவில் செய்து பழக்கமில்லை. அதனால்தானோ என்னவோ, பிறர் தொடத் தயங்கிய வழியைத் துணிந்து பிடித்தது.

ஹெலிகாப்டர் ஏன் விமானம்போல் விரைய முடிவதில்லை? ரோட்டர் இறக்கையின் நுனி மணிக்கு 700 கிலோமீட்டரில் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெலிகாப்டர் 200 கிலோமீட்டரில் முன்னேறினால், ஒரு பக்கம் முன்னோக்கி வரும் இறக்கையை 900 கிலோமீட்டர் வேகக் காற்று சந்திக்கும். மறுபக்கம் பின்னோக்கிப் போகும் இறக்கைக்கு 500 மட்டுமே கிடைக்கும். வேகம் கூடக் கூட அந்தப் பின்னோக்கிய இறக்கை தூக்கும் வலுவை இழக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை.

லாக்ஹீட் பொறியாளர்கள் ரோட்டரின் சுமையைக் குறைத்தார்கள். உடலின் இருபுறமும் குட்டையான சிறகுகள். வாலின் கடைசியில் பின்னிருந்து தள்ளும் ஒரு புரொப்பல்லர். அதன் பக்கத்திலேயே வழக்கமான வால் ரோட்டர். வேகமாகப் போகும்போது எடையில் பெரும்பகுதியைச் சிறகுகள் தாங்கும், புரொப்பல்லர் தள்ளும், மேலே உள்ள ரோட்டர் ஏறக்குறைய சும்மா சுற்றும். மற்ற ஹெலிகாப்டர்கள் முன்னேற மூக்கைத் தாழ்த்த வேண்டும். ஷையானுக்கு அந்தக் கட்டாயமில்லை. புரொப்பல்லரைப் பின்பக்கமாக இழுக்கவும் வைக்கலாம் என்பதால், அந்தரத்தில் நின்றபடியே மூக்கை மட்டும் தாழ்த்தி வணக்கம் சொல்லவும் அதற்குத் தெரியும்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது முன்னிருக்கைதான். அங்கே உட்காரும் துப்பாக்கி வீரரின் இருக்கை, அவரையும் குறிபார்க்கும் பெரிஸ்கோப்பையும் சுமந்துகொண்டு முழு வட்டமாகச் சுழலும். வயிற்றுப் பகுதியில் இருக்கும் 30 மில்லிமீட்டர் பீரங்கியும் அவர் திரும்பும் பக்கமே திரும்பும். பின்னால் சற்று உயரத்தில் அமர்ந்திருக்கும் விமானிக்குத் தலைக்கவசத்திலேயே குறிபார்க்கும் கருவி. இதெல்லாம் 1960களில்!

1967 செப்டம்பர் 21-இல் ஷையான் முதன்முதலாகப் பறந்தது. மறு ஆண்டே 375 ஹெலிகாப்டர்களுக்கு ஆர்டர் வந்துவிட்டது.

வினை ரோட்டரில் இருந்தது. வழக்கமான ஹெலிகாப்டரில் இறக்கைகள் கீல் வைத்துப் பொருத்தப்பட்டிருக்கும். மேலும் கீழும் அசைந்து அதிர்வைத் தணிக்கும். ஷையானின் நான்கு இறக்கைகளுக்கு அந்தக் கீல் இல்லை. நிலைதவறாமல் பார்த்துக்கொள்ள ரோட்டரின் தலையில் ஒரு ஜைரோ சுழன்றது. அதிவேகத்தில் இந்த ஏற்பாடு தடுமாறியது. ரோட்டர் இரண்டு சுற்று முடிப்பதற்குள் ஒரு துள்ளல் என்ற கணக்கில் அதிர்வு கிளம்பி, பெருகிக்கொண்டே போகும். 1969 மார்ச் 12-இல் கலிஃபோர்னியா கடலோரத்தில் இந்த அதிர்வை ஆராயவே பறந்த மூன்றாவது மாதிரியின் ரோட்டர் அதன் உடலையே வெட்டியது. விமானி இறந்தார். இரண்டு மாதம் சற்றே கடந்திருந்தபோது, மே மாதத்தில் 375-க்கான ஒப்பந்தம் ரத்தானது. செப்டம்பரில் நாசாவின் ஏம்ஸ் காற்றுச் சுரங்கத்தில் சோதித்த இன்னொரு மாதிரியும் அதே வகை அதிர்வில் நொறுங்கியது.

பொறியாளர்கள் விடவில்லை. ஜைரோவை ரோட்டரின் அடியில் கொண்டுவந்து வைத்தார்கள், அதிர்வு அடங்கியது. ஆனால் அதற்குள் 1972 வந்துவிட்டது. தோளில் வைத்துச் சுடும், வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணைகள் வியட்நாமில் வந்திறங்கியிருந்தன. இனி உயரத்திலிருந்து பாய்ந்து தாக்குவதைவிட, மரங்களின் மறைவில் தாழப் பறந்து ஒளிந்து அடிப்பதே பிழைக்கும் வழி என்று படை முடிவு செய்தது. அதற்கு இரண்டு எஞ்சினுள்ள, சிக்கல் குறைந்த ஹெலிகாப்டர் வேண்டும். ஷையானுக்கு எஞ்சின் ஒன்றுதான். ஆகஸ்ட் 9-இல் திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் புதிய தேவையிலிருந்துதான் அப்பாச்சி பிறந்தது.

ஷையானைத் தோற்ற ஹெலிகாப்டர் என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியும் காட்டினார்கள். அதற்குள் போரின் முறையே மாறிப்போனது. பின்னிருந்து தள்ளும் புரொப்பல்லரை சிகோர்ஸ்கி நிறுவனம் எக்ஸ்-2, ரெய்டர் ஹெலிகாப்டர்களில் மீண்டும் கையில் எடுத்தது. எக்ஸ்-2 2010-இல் மணிக்கு 460 கிலோமீட்டரைத் தாண்டிப் பறந்தது.

அலபாமாவின் ஃபோர்ட் ரக்கரில் உள்ள தரைப்படை வானூர்தி அருங்காட்சியகத்தில் ஒரு ஷையான் இருக்கிறது. அங்கே போக வாய்த்தால் அதன் பின்பக்கம் சென்று பாருங்கள். வால் ரோட்டரும் புரொப்பல்லரும் ஒன்றையொட்டி ஒன்று நிற்கும்.