கோழித் தீனியில் பூசண நஞ்சு

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் மடிந்தன. தொற்றுநோய் என ஐயுற்றுத் தேடியவர்களுக்குக் கிருமி எதுவும் அகப்படவில்லை. காரணம் விளங்காமையால் அதனை 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே அழைத்தனர். இறுதியில் குற்றம் தீனியில் இருப்பது புலனாயிற்று. பிரேசிலிலிருந்து தருவித்த கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணம் வளர்ந்து, நஞ்சு ஒன்றை உண்டாக்கியிருந்தது. அப்பூசணத்தின் பெயரைக் கொண்டே அந்நஞ்சு அஃப்ளடாக்சின் எனப்பட்டது.

நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் இப்பூசணத்துக்கு மிகவும் ஏற்றவை. 1974இல் குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டங்களில் பருவம் தப்பிய மழையால் மக்காச்சோளம் நனைந்து பூசணம் பிடித்தது. அதனை உண்டோருள் நூற்றுக்கு மேற்பட்டவர் கல்லீரல் கெட்டு இறந்தனர். வீட்டு நாய்களும் அந்நோய்க்கு இரையாயின.

வாத்துக் குஞ்சுகளும் வான்கோழிகளும் இந்நஞ்சுக்கு எளிதில் இலக்காகும். கோழிகள் ஓரளவு தாங்கும், தொல்லையும் அதனால்தான். அவை ஒரே நாளில் மடிவதில்லை. வளர்ச்சி குன்றும், முட்டை குறையும், நோயை எதிர்க்கும் ஆற்றல் தளரும். தடுப்பூசி போட்ட மந்தையிலும் நோய் கண்டால் பண்ணைக்காரர் மருந்தையோ குஞ்சு விற்றவரையோ குறை கூறுவார். இறந்த கோழியை அறுத்துப் பார்க்கையில் கல்லீரல் வெளிறி மஞ்சள் பூத்திருந்தால், களப்பணியாளர் அடுத்து நோக்க வேண்டிய இடம் தீனி அறையே.

பூசணம் வேறு, நஞ்சு வேறு என்பதை மக்களுக்கு விளக்குவதே முதல் வேலை. பூசணம் பிடித்த பிண்ணாக்கை வெயிலில் காயவைத்தால் நாற்றம் போகும், பூசணமும் வாடும். முன்னரே ஊறிய நஞ்சோ பெரும்பாலும் அப்படியே நிற்கும். கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை. நல்ல தீனியோடு கலந்து இடுவதும் தவறு. நஞ்சு மூட்டை முழுவதும் சமமாகப் பரவியிராது. ஒரு பிடியில் ஒன்றுமின்றி அடுத்த பிடியில் மிகுந்திருக்கலாம். கண்ணுக்குப் பூசணம் தென்படாத தானியத்திலும் அது இருத்தல் கூடும்.

ஆதலால் இயற்கை முறைகளுள் தலையாயது உலர்த்துதலே. சேமிக்கும் மக்காச்சோளத்தில் ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்படலாகாது. கடலைப் பருப்பில் 7 அல்லது 8 பங்கே இருக்கலாம். கருவி இல்லாத ஊரில் உப்புச் சோதனை உதவும். நன்கு உலர்ந்த கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு சோளமும் சிறிது காய்ந்த தூளுப்பும் இட்டு மூடி, ஒரு நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு குப்பியின் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 பங்குக்கு மேல் உள்ளது எனக் கொள்ளலாம். ஒட்டாவிடினும் மேலும் ஒரு நாள் வெயிலில் இடுவது நலம். வகுப்பறையில் மாணவர்க்குச் செய்து காட்டவும் இது ஏற்ற சோதனை.

வெறுந்தரையில் உலர்த்தலாகாது, பூசண வித்துகள் மண்ணிலேயே உள்ளன. உடைந்தவை, சுருங்கியவை, நிறம் மாறியவை ஆகியவற்றைப் புடைத்தும் பொறுக்கியும் நீக்கினால் நஞ்சின் பெரும்பகுதி அவற்றோடு வெளியேறும். மூட்டைகளைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குக. அரைத்த தீனி முழுத் தானியத்தைவிட விரைவில் கெடும். மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவே அரைத்தல் நன்று. தீனித் தொட்டியின் மூலைகளில் கட்டிபட்ட பழந்தீனியைச் சுரண்டி எறியாமல் புதுத்தீனியைக் கொட்டுவது எங்கும் காணப்படும் வழக்கம். பயனற்ற சிக்கனம் அது.

காய்ந்த வேப்பிலை பூச்சியை விலக்கும். பூச்சி துளைத்த தானியத்தில் பூசணம் எளிதில் புகுமாதலால் இது பயனுடையதே. ஈரத் தானியத்தை வேப்பிலை காக்காது. கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்கள் ஆய்வுக்கூடத்தில் பூசணத்தை அடக்கியுள்ளன; தீனியில் பயன்படுத்தச் செலவு மிகும்.

பென்டோனைட் என்னும் களிமண் இவற்றினும் உறுதியான துணை. கச்சிலும் பார்மேரிலும் இது தோண்டப்படுகிறது. இக்களிமண்ணின் நுண்ணிய அடுக்குகள் கோழியின் குடலில் அஃப்ளடாக்சினைப் பற்றிக்கொள்ள, நஞ்சு எச்சத்துடன் வெளியேறும். தீனிக்கெனத் தூய்மை செய்ததை 1,000 கிலோவுக்கு 5 கிலோ அளவில் சேர்ப்பதுண்டு. வயல் களிமண் இதற்கு ஈடாகாது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஆக்ரடாக்சின் போன்ற பிற நஞ்சுகளை இது நன்கு பற்றுவதில்லை. மிகக் கெட்ட தீனியை நல்லதாக்குவதுமில்லை.

ஐயமுள்ள தீனியை ஆய்வுக்கு அனுப்புவோர் ஒரே மூட்டையின் வாயிலிருந்து எடுக்காமல், பல மூட்டைகளின் மேல், நடு, அடி ஆகிய பகுதிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து அனுப்புக. கெட்டதெனத் தெரிந்ததைப் பசுவுக்கும் இடலாகாது. அந்நஞ்சின் ஒரு பகுதி உருமாறிப் பாலில் வெளிப்படும்.