மீன் விடுமுன் கட்டையைக் கவனியுங்கள்

பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்குகிறீர்கள். கடையில் பொலித்தீன் பையில் கட்டித் தந்த நாலு மீன்களையும் அன்றைக்கே விடுகிறீர்கள். மூன்றாம் நாள் சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் ஒன்று மல்லாந்து மிதக்கிறது. மகள் அழுகிறாள். வாங்கிய மீன் நோஞ்சான் என்று கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள், சகோதரியே. பெரும்பாலும் கோளாறு தண்ணீரில் இருக்கும். அல்லது அழகுக்காக நாம் உள்ளே வைத்த பொருளில் இருக்கும்.

பெரகல சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு ஏறினாலும் கொஸ்லந்தைக்கு இறங்கினாலும் தேயிலை மலைதான். பழைய செடிகளைப் பிடுங்கும்போது கிடைக்கும் தேயிலைக் கட்டை அடுப்புக்குப் போகிறது. வளைந்து நெளிந்த அதன் வேரைப் பார்த்தால் மீன் தொட்டிக்கென்றே செய்தது போலிருக்கும். ஆனாலும் நான் வேண்டாம் என்பேன். 1946இல் இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் பரவியது முதல் அதை அடக்கச் செம்பு கலந்த மருந்துகளைத் தெளித்து வந்திருக்கிறார்கள். மிகச் சொற்பச் செம்பும் மீனுக்கு நஞ்சு; நத்தைக்கும் இறாலுக்கும் அதைவிட மோசம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், செம்பு அழியாது. எந்தச் செடிக்கு எவ்வளவு அடித்தார்கள் என்பதை நம் அடுப்பங்கரையில் கண்டுபிடிக்கவும் முடியாது. தோட்டத்துக் கானில் அடித்து வந்த கட்டைக்கும் இதே கதைதான். பைனஸில் பிசின், யூக்கலிப்டஸில் எண்ணெய், இரண்டும் ஆகாது.

பிறகு எதைத்தான் வைப்பது? வீட்டு வளவில் மருந்து படாமல் பட்டுப்போய், நன்றாகக் காய்ந்த கொய்யாக் கட்டை போதும். பட்டையை முழுக்க உரியுங்கள். நகத்தால் அழுத்தினால் குழியக் கூடாது. முகர்ந்தால் எண்ணெய் வாடையோ அழுகல் வாடையோ வரக் கூடாது. சவர்க்காரம் போடாமல் பிரஷால் தேய்த்து, சமையல் சட்டியை விட்டுவிட்டு ஒரு பழைய தகரத்தில் இரண்டு மணித்தியாலம் கொதிக்க விடுங்கள். அப்புறம் வாளியில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, தானாக அமிழும்வரை வைத்திருங்கள். வாரக்கணக்காகும். தண்ணீர் பிளேன்டீ நிறமானால் பயப்படாதீர்கள், அது மரத்தின் சாயம். மீனுக்குக் கெடுதி இல்லை. தொட்டியில் வைத்த பின் கட்டையில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தாலும் துடைத்துவிட்டால் சரி.

கட்டை ஊறும் நாட்களில் தொட்டியைப் பாருங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் தண்ணீர் மட்டுமே 56 கிலோ வரும். ஆடுகிற மேசை தாங்காது. அடியில் பழைய பத்திரிகை விரித்து, நீர் நிரப்பி ஒரு நாள் விடுங்கள். கசிந்தால் கடதாசி காட்டிக் கொடுக்கும். ஒட்டிய பசையில் வினாகிரி வாடை அடித்தால் அது இன்னும் காயவில்லை. குளோரின் போட்ட பைப் தண்ணீரென்றால் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

எல்லாம் சரியானாலும் புதுத் தொட்டி ஒரே நாளில் பழகாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் கிருமிகள் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நம் மலைக்குளிரில் இன்னும் தாமதமாகும். வடிகட்டியை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். தெரிந்த வீட்டில் நோயில்லாத தொட்டி இருந்தால் அவர்களுடைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். காத்திருக்கும் காலம் குறையும். பிறகு ஒன்றிரண்டு மீனோடு தொடங்கலாம்.

இன்னொன்று. தொட்டி இருக்கும் அறையில் நுளம்புத்திரி கொளுத்தாதீர்கள். நுளம்பைக் கொல்லும் அந்த மருந்து மீனையும் கொல்லும்.