ஒரு பிள்ளை, இரண்டு பெயர்

வருகைப் பதிவேட்டில் நமக்கு ஒரு பெயர். வீட்டில் அம்மா கூப்பிடுவது வேறு பெயர். "டேய் ராசா!" என்று பள்ளிக்கூட வாசலில் வந்து கூப்பிட்டுவிட்டால் போச்சு, வகுப்பே சிரிக்கும்!

வங்காளிகளிடமும் இந்த வழக்கம் உண்டு. வீட்டுக்கு ஒரு பெயர், வெளியுலகுக்கு ஒரு பெயர். இதை வைத்துத்தான் ஜும்பா லாஹிரி 2003-இல் ‘தி நேம்சேக்’ என்ற ஆங்கில நாவலை எழுதினார். இவர் லண்டனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த வங்காளப் பெண். ‘ஜும்பா’ என்பதே அவருடைய வீட்டுப் பெயர்தான்!

கதை இதுதான். கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போன அசோக் - ஆஷிமா தம்பதிக்கு 1968-இல் மகன் பிறக்கிறான். பெயர் வைக்க வேண்டியவர் ஊரில் இருக்கும் கொள்ளுப்பாட்டி. அவர் எழுதிய கடிதமோ வந்து சேரவே இல்லை. பெயர் எழுதாமல் குழந்தையை அனுப்ப மாட்டோம் என்கிறது ஆஸ்பத்திரி. அவசரத்துக்கு அப்பா வைத்த பெயர் ‘கோகோல்’. அது ஒரு ரஷ்ய எழுத்தாளரின் பெயர்.

வளர்ந்ததும் பையனுக்கு வெட்கம். இந்தியப் பேரும் இல்லை, அமெரிக்கப் பேரும் இல்லை, இது என்ன பேரு? 18 வயதில் கோர்ட்டுக்குப் போய் ‘நிகில்’ ஆகிறான். பெயர் மாறியது. ஆனால் மனசு? கல்கத்தா போனால் விருந்தாளி, அமெரிக்காவிலும் வேற்றாள்.

பிறகுதான் அப்பா உண்மையைச் சொல்கிறார். 1961-இல் ஒரு ரயில் விபத்தில் அவர் அசைய முடியாமல் கிடந்தார். கையிலிருந்து விழுந்த கோகோல் புத்தகத்தின் தாளைப் பார்த்துத்தான் மீட்க வந்தவர்கள், ‘இங்கே உயிர் இருக்கு’ என்று கண்டுகொண்டார்கள். அப்பாவைப் பிழைக்க வைத்த பெயரைத்தான் மகன் வேண்டாம் என்று தள்ளியிருந்தான்!

அந்த எழுத்தாளரின் கதைப் புத்தகத்தை அப்பா அவனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்திருந்தார். அப்பா இறந்த பிறகு, நாவலின் கடைசியில்தான் அவன் அதைப் படிக்க உட்காருகிறான்.

‘நீ எந்த ஊர்?’ என்ற கேள்விக்கு அவனிடம் கடைசிவரை ஒரே பதில் இல்லை. ஆனால் ‘நீ யார் பிள்ளை?’ என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளின் தவிப்பு இதில் எனக்குப் புரிந்தது.

தெரியுமா? ‘ஆஷிமா’ என்றால் எல்லையில்லாதவள். முடிவில் அந்த அம்மா, ஆறு மாதம் இந்தியா, ஆறு மாதம் அமெரிக்கா என்று வாழத் தீர்மானிக்கிறார். எவ்வளவு பொருத்தமான பெயர்!

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் கேளுங்கள்: "எனக்கு ஏன் இந்தப் பேரு வெச்சீங்க?" பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.