பெட்டியின் அடியைப் பாருங்கள்: மரப்பெட்டித் தோட்டம் உக்காமல் இருக்க

மரக்கறி விலை கைக்கு எட்டாமல் போன 2022 ஆம் ஆண்டில், மொனராகலையில் எங்கள் லயத்து இஸ்தோப்பின் ஓரமாக ஒரு மரப்பெட்டி செய்து வைத்தேன். 3 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி ஆழம். வீட்டில் பயிரிடுவதற்காக அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்க அரசாங்கம் முடிவெடுத்த காலம் அது. லயத்தில் இருப்பவர்களுக்கு அந்த விடுமுறையும் இல்லை. பயிரிட ஒரு சாண் சொந்த நிலமும் இல்லை. "பெட்டியெண்டா, நாளைக்கு எழும்பச் சொன்னாலும் தூக்கிட்டுப் போகலாம்" என்றார் அம்மா.

இறப்பர் பலகை வாங்கி, உள்ளும் வெளியும் இரண்டு தரம் எனாமல் பெயின்ற் அடித்து, நிலத்தில் வைத்து மண் நிரப்பினோம். கொச்சிக்காயும் கீரையும் நன்றாகவே வந்தன. இரண்டாவது மாரி முடிந்து பெட்டியை நகர்த்தப் போனபோது பக்கப் பலகைகள் மட்டும் கையோடு வந்தன. அடிப்பலகை நிலத்திலேயே தங்கிவிட்டது.

1983 வன்செயலுக்குப் பின் இங்கிருந்து கிளிநொச்சிக்குப் போனவர் எங்கள் சித்தி. இறுதி யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து மீண்டவர். அவர் வைத்த பெட்டியும் இப்படியே உக்கிப்போனதாகத் தொலைபேசியில் சொன்னார். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

மரம் ஏன் உக்குகிறது?

தண்ணீர் மரத்தைத் தின்பதில்லை. தின்பது பூஞ்சணம். அதற்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மரத்தின் ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. குளத்தடியில் முழுதாக அமிழ்ந்த கட்டை காற்றில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கூரைக்குள் காய்ந்த வளையும் அப்படியே கிடக்கும். நனைந்து, காய முடியாமல் நிற்கிற மரமே உக்கும். பெட்டியின் அடி அப்படிப்பட்ட இடம்.

மொனராகலையிலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் வருடத்தின் பெருமழை ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான். நடு ஆண்டு வெயிலில் பலகை சுருங்கி வெடிக்கிறது. மாரியில் அந்த வெடிப்பினூடாகத் தண்ணீர் இறங்குகிறது. பெயின்ற் அதைத் தடுப்பதில்லை. இறங்கிய ஈரத்தை வெளியேற விடாமல் பிடித்து வைக்கிறது. அது என் முதல் பிழை.

இரண்டாவது பிழை, மரம். இறப்பர் பலகையில் வைரம் இல்லை. தளபாடம் செய்பவர்கள் போரோன் மருந்து ஏற்றித்தான் அதைப் பாவிக்கிறார்கள். அந்த மருந்தும் ஈர மண்ணில் கரைந்து போகும். தேக்கு, முதிரை, பலா ஆகியவற்றின் வைரப்பகுதி பல ஆண்டு தாங்கும். புதுப்பலகை வாங்க வேண்டியதில்லை. தச்சுப் பட்டறையில் மிஞ்சும் துண்டுகள் போதும். வெள்ளைப் பகுதியைச் சீவிவிடுங்கள். பழைய கதவு நிலை கிடைத்தால் பெயின்ற் படாததாகப் பாருங்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும்.

செய்ய வேண்டியவை

பெட்டியை நிலத்தில் வைக்காதீர்கள். நான்கு மூலையிலும் செங்கல் வைத்து 2 அங்குலமாவது உயர்த்துங்கள். அடியில் காற்று ஓடும். கறையான் ஏறினாலும் கண்ணில் படும். 3 கன அடி ஈர மண் 100 கிலோவைத் தாண்டும் என்பதால், நடுவிலும் ஒரு செங்கல் வேண்டும்.

அடிப்பலகைகளை நெருக்கி அடிக்காமல், கால் அங்குல இடைவெளி விடுங்கள். உள்ளே பொலித்தீன் விரித்தால், அந்த இடைவெளிகளுக்கு நேரே அதிலும் துளையிட வேண்டும். துளையில்லாத பொலித்தீன் பெட்டியைக் குளமாக்கிவிடும். மண் வழியாமல் இருக்க அதன் மேல் ஒரு பழைய வலைத்துண்டு போதும். அடியில் கல் நிரப்பினால் தண்ணீர் வேகமாக வடியும் என்பது பொய். கல்லுக்கு மேலே உள்ள மண்ணில் ஈரம் தேங்கியே நிற்கும்.

பலகையின் வெட்டு முனைதான் அதிகம் தண்ணீர் குடிக்கும். வெளிப்பக்கத்துக்கும் முனைகளுக்கும் காய்ச்சாத லின்சீட் எண்ணெயை மெல்லியதாக இரண்டு மூன்று தரம் பூசிக் காயவிடுங்கள். முனைக்கு இன்னும் ஒரு தரம் பூசலாம். துருப்பிடிக்காத, நாகம் பூசிய ஆணி பாவியுங்கள். தகரக் கூரையின் தண்ணீர் விழுகிற கோட்டிலிருந்து பெட்டியைத் தள்ளி வையுங்கள்.

செய்யக் கூடாதவை

சித்தி தன் பெட்டிக்குக் கழிவு ஒயில் பூசியிருந்தார். வேலிக் கட்டைக்குப் பூசுகிற பழக்கம்தான். ஆனால் வாகனத்தில் எரிந்த ஒயிலில் பார உலோகங்களும் புற்றுநோய் தரும் பொருட்களும் உண்டு. கீரை வைக்கிற மண்ணில் அது வேண்டாம்.

ரயில் சிலிப்பர் கட்டையும் அப்படியே. வடக்கு ரயில் பாதையின் தண்டவாளமும் கட்டையும் பங்கருக்குப் போனதைக் கண்டவர்கள் நம்மில் பலர். அந்த நினைவில், மண்ணுக்குள் கிடந்தும் உக்காத கட்டை நல்ல கட்டை என்று தோன்றும். ஆனால் பல சிலிப்பர் கட்டைகளில் கிரியோசோட் ஏற்றப்பட்டிருக்கும். அதுவும் புற்றுநோய் தரக்கூடியது. துறைமுகத்தால் வந்த பலகைத் தட்டு கிடைத்தால் அதன் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றால் சூடாக்கியது, பாவிக்கலாம். எம்.பி. என்றால் மெதைல் புரோமைட் புகையூட்டியது, விட்டுவிடுங்கள்.

எங்கள் இரண்டாவது பெட்டி தேக்குத் துண்டுகளால் ஆனது. தை பிறந்ததும் செங்கல்லுக்கு இடையில் கையை விட்டு, ஒரு கத்தி முனையால் அடிப்பலகையைக் குத்திப் பார்ப்பேன். இரண்டு மாரி கழிந்தும் முனை இறங்கவில்லை. லயத்துக்குக் காணி உறுதி இன்னும் வரவில்லை. வரும்வரை, அம்மாவின் கொச்சிக்காய் நிற்கிற 3 அடியாவது எங்களுடையதாக இருக்கட்டும்.